தான்சானியாவில் பிரசவ வார்டுப் பணி: நான்கு வாரமா, ஆறு மாதமா?

தேன்கனிக்கோட்டைப் பகுதியில் எட்டு ஆண்டுகள் பிரசவ வார்டில் செவிலியராக இருந்த பிறகு, தான்சானியாவின் கிராமப்புற மருத்துவமனை ஒன்றில் தன்னார்வப் பணி செய்ய விரும்பினேன். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. கட்டணம் பெற்றுக்கொண்டு இடைநிலை நிறுவனம் ஏற்பாடு செய்யும் நான்கு வாரப் பயணம் ஒன்று. மருத்துவமனைக்கு நாமே எழுதி அனுமதி பெற்று ஆறு மாதம் தங்குவது மற்றொன்று. நான் சென்றது இரண்டாவது வழியில். நான்கு வாரத் திட்டத்தைப் பற்றி, அவ்வழியில் வந்து என்னோடு அதே வார்டில் நின்றவர்களைப் பார்த்த அளவில்தான் சொல்ல முடியும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்தின் கட்டணத்தில் தங்குமிடமும் உணவும் அடங்கிவிடும். நேரில் செல்பவருக்கு அலைச்சல் கூடுதல். அந்நாட்டுச் செவிலியர் கவுன்சிலின் தற்காலிகப் பதிவையும் தங்கும் அனுமதியையும் நாமே கேட்டுப் பெற வேண்டும். நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாக நம்மைக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும் என்பது இரு சாராருக்கும் பொது.

முடிவைத் தீர்மானிப்பது மொழி. அஞ்செட்டிப் பக்கத்துக் கன்னடத் தாய் ‘நோவு’ என்றும், தளிப் பக்கத்துத் தெலுங்குத் தாய் ‘நொப்பி’ என்றும் சொல்வதைக் கேட்டுப் பழகியவள் என்பதால், தான்சானியாவின் பொதுமொழியான சுவாகிலியையும் விரைவில் பிடித்துவிடலாம் என்று எண்ணினேன். சொற்கள் உண்மையிலேயே எளிதாக வந்தன. நாம் ‘முக்கும்மா’ என்பதற்கு அங்கே ‘சுகுமா’. மூச்சு விடச் சொல்ல ‘புமுவா’. இரண்டாம் வாரத்திலேயே அவற்றைச் சரளமாகச் சொன்னேன்.

ஆனால் தாய் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்வது வேறு. சுவாகிலியில் மணிக்கணக்கு நள்ளிரவிலிருந்து தொடங்குவதில்லை. நம் நாழிகைக் கணக்கைப் போலப் பகல் பொழுது விடியலிலிருந்து எண்ணப்படுகிறது. காலை ஏழு மணி அவர்களுக்கு முதல் மணி. இரவுக்கும் அப்படியே மாலையிலிருந்து புதிதாக எண்ணுவார்கள். ஆகவே ‘இரவு எட்டாம் மணிக்கு வலி தொடங்கியது’ என்று ஒரு தாய் சொன்னால், அது நம் கடிகாரத்தில் பின்னிரவு இரண்டு மணி. இதை அறியாதவர் இரவு எட்டு என்றே குறித்துவிட்டால், வலி ஆறு மணி நேரம் கூடுதலாக நீடித்ததாகத் தாளில் தோன்றும்; இயல்பாக முன்னேறும் பிரசவம் தடைப்பட்டதாகக் கருதப்பட்டு, அந்தப் பெண் தேவையில்லாமல் மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம். மூன்றாம் வாரத்தில் நானே இவ்வாறு எழுதிவிட்டேன். அங்குள்ள மூத்த தாதி கவனித்துத் திருத்தியிராவிட்டால் அந்தத் தாய் கரடுமுரடான சாலையில் வலியோடு பயணப்பட்டிருப்பார். இன்றும் அதை நினைத்தால் மனம் கலங்குகிறது.

மணிக்கணக்கை ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் இதுபோல் எதையெதை நாம் தவறாகக் கேட்கிறோம் என்பது தங்கினால்தான் தெரியும். சில பாட்டிமார்கள் சுவாகிலியே பேசாமல் தங்கள் இனமொழியில்தான் பேசுவார்கள். மருமகளின் முந்தைய பிரசவத்தில் எவ்வளவு இரத்தம் போனது என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். அவர்களை நம்மிடம் பேச வைக்கவே எனக்கு இரண்டு மாதமாயிற்று.

இறுதியாண்டு மாணவியருக்கு, பிறர் மேற்பார்வையில் நின்று பார்ப்பதே நோக்கமென்றால், நான்கு வாரமும் பயனுடையதாக இருக்கலாம். அவர்களை நான் நெருங்கிப் பார்த்ததில்லை. பிரசவம் பார்க்கும் பொறுப்பையே ஏற்க விரும்பும் செவிலியருக்கு ஆறு மாதத்தையே பரிந்துரைப்பேன். முதல் மாதம் நான் இரத்த அழுத்தம் பார்த்தேன், கருவிகளைக் கழுவினேன், பக்கத்தில் நின்றேன். ஒரு பிரசவத்தை என் பொறுப்பில் விட்டது ஏழாம் வாரத்தில். என்னோடு வந்திறங்கிய நான்கு வாரக்காரர்கள் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார்கள்.