படையல் இலையின் முன்னால் யார் உட்காருவது? ரேவதியா, மிஷெல் இயோவா?

படம் எடுக்கத்தான் காசு வேண்டும், நடிகை தேடக் காசு வேண்டாம். போன தீபாவளிக்கு முந்தின வாரம், கோலாலம்பூர் செந்தூல் வீட்டு அடுப்படியில் அக்காவும் நானும் நெய் உருண்டை பிடித்துக்கொண்டே, எங்கள் கற்பனைப் பேய்ப்படத்தில் யாரை நடிக்க வைப்பது என்ற சண்டையைத் தொடங்கினோம். நெய் உருண்டைக்குப் பொறுமை கிடையாது. கொதிக்கும் நெய்யை மாவில் ஊற்றினால் சூடு ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்துவிடும். பேய்ப்படக் கதையும் ஏறக்குறைய அப்படித்தான்.

கதை என்னுடையது. தீபாவளிக்கு முதல் நாள் மாலை, செத்துப்போனவர்களுக்குப் படையல். கோழிப் பிரட்டல், ஆட்டுக்கறி, தாத்தா போட்டோவுக்கு முன்னால் ஒரு ஸ்டவுட் பீர், மஞ்சள் தடவிய புதுத்துணி. வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் ஐந்து நிமிடம் வெளியே நிற்கிறார்கள். திரும்பி வந்தால் ஓர் இலை மடித்திருக்கிறது. அதுவும் துக்க வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக. அந்த வீட்டின் அம்மா மட்டும் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இலையை எடுத்துப் போடுகிறாள். படம் முழுக்க அந்த அம்மாவின் முகம்தான்.

என் ஓட்டு ரேவதிக்கு. பேய் அவருக்குப் புதிது இல்லை. 1992-இல் ராம்கோபால் வர்மாவின் 'ராத்' படத்தில் பேய் பிடித்த பெண்ணே அவர்தான். முப்பது வருடம் கழித்து, 2022-இல் வந்த 'பூதகாலம்' என்ற மலையாளப் படத்தில், மகனோடு ஒரே வீட்டில் புழுங்கும் அம்மா. கேரள அரசின் சிறந்த நடிகை விருதை அதற்குத்தான் வாங்கினார். அந்தப் படத்தில் என்னைப் பிடித்து உலுக்கியது பேய் இல்லை, அம்மாவின் களைப்பு. மனசு சரியில்லாததா, வீடு சரியில்லாததா என்று கடைசிவரை நம்மைத் தவிக்க விடுகிற களைப்பு. இலையை எடுத்துப் போடும் என் அம்மாவுக்கு வேண்டியது அதுதான். ரேவதி கத்த வேண்டாம், கையைத் துடைத்துக்கொண்டு நின்றாலே போதும்.

நடுவில் ஷோபனா பெயரும் வந்தது. 'சந்திரமுகி'க்கு மூலமான 'மணிச்சித்ரதாழ்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர், நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவரைக் கண்டால் ரசிகனின் காது சலங்கையைத் தேடும். என் கதையில் சலங்கை இல்லை, வேண்டாம்.

"எல்லாம் சரிலா, ஆனா உன் பேய்க்கு என்ன வேணும்?" என்றாள் அக்கா.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள்தான் மிஷெல் இயோவைக் கொண்டுவந்தாள். நான் சிரித்தேன். இங்கே மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர், 2023-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர், சரி. படையல் போடும் தமிழ் அம்மாவாக அவர் எப்படி?

"ஏன், நம்ம லைனில இருந்த ஆண்ட்டிய மறந்துட்டியா?"

அப்போதுதான் உறைத்தது, அந்த ஆண்ட்டியும் தமிழ் வீட்டில் வளர்ந்த சீனப் பெண்தான். ஒரு காலத்தில் இந்த நாட்டில் எத்தனையோ சீனப் பெண்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. வறுமை, பெண்பிள்ளை என்ற சலிப்பு, ராசி சரியில்லை என்ற பயம் என்று கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு காரணம். வளர்ந்த பெண்கள் பொட்டு வைத்து, சேலை கட்டி, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசினார்கள். 1962-இல் பிறந்த இயோவுக்கு வயதும் பொருந்துகிறது.

இந்த அம்மா இலை போட்டால் கதையே புரண்டுவிடுகிறது. புருஷனுக்கு இலை உண்டு, மாமனார் மாமியாருக்கு உண்டு, வளர்த்த அப்பா அம்மாவுக்கு உண்டு. பெற்றவளுக்கு இல்லை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்குச் சாப்பாடு வைக்கும் சீனர் வழக்கத்தைப் பக்கத்திலேயே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். யாரும் கூப்பிடாத பசி என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் பேய்க்கு என்ன வேண்டும் என்பதற்கு அக்கா பதில் வைத்திருந்தாள்.

நான் அத்தனை சுலபமாக விடவில்லை. மொழி? பேய்ப்படத்தில் பாதி வேலை மூச்சும் முணுமுணுப்பும். டப்பிங் போட்டால் உயிர் போய்விடும். ரேவதியிடம் அந்தக் கவலையே இல்லை. செந்தூல் தமிழ் மட்டும் கொஞ்சம் பழக வேண்டும், 'பசியாறிட்டியா' என்று கேட்கத் தெரிய வேண்டும். இயோவுக்கு முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் 2000-இல் 'க்ரவுச்சிங் டைகர்' என்ற சீன மொழிப் படத்தில் நடித்தபோது அவருக்கு மாண்டரினும் தெரியாது, வசனத்தை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினார். அந்த உழைப்புக்காரர் தமிழுக்கு அஞ்ச மாட்டார். குரலை உயர்த்தாமல் மிரட்டுவது எப்படி என்று 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் அவர் நடித்த மாமியாரிடம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

இருந்தாலும், முதல் கதை அப்படியே இருந்தால் ரேவதிதான், அதில் மாற்றமில்லை. களைப்பை அவரைப்போல் யாரும் சுமக்க மாட்டார்கள். அக்காவின் கதை என்றால் ரேவதியே வந்து கேட்டாலும் நான் இயோவைத்தான் எடுப்பேன், தமிழ் கொஞ்சம் தட்டினாலும் பரவாயில்லை. எடுப்பது அக்காவின் கதையைத்தான்.

அந்த ஆண்ட்டி வீட்டுப் படையலுக்குச் சின்ன வயதில் போயிருக்கிறேன். சுவரில் நான்கு போட்டோ, கீழே ஐந்து இலை. எண்ணிப் பார்த்துவிட்டு, ஒண்ணு கூட இருக்கே ஆண்ட்டி என்றேன். "இருக்கட்டும்யா, யாராச்சும் வருவாங்க" என்று அதிலும் ஒரு கரண்டி கோழி வைத்தார்.