பூண்டு சேர்த்த காய்கறிச் சாறு: நெடுநாள் குடித்துப் பழகிய அனுபவம்

காய்கறிச் சாறு போடுகிறவர்களில் பெரும்பாலானோர் கடைசியில் ஓர் ஆப்பிளையோ இரண்டு ஆரஞ்சையோ சேர்த்து அதை இனிப்பாக்கிவிடுகிறார்கள். சில வருடங்களாக நான் வீட்டில் போடுவது வேறு வகை. உப்பு, மிளகு, எலுமிச்சை, பச்சைக் காய்கள், அவற்றோடு கொஞ்சம் பூண்டு. மடமடவென்று குடித்து முடிக்கும் சாறு இல்லை இது. சூப் போல நிதானமாகக் குடிக்கவேண்டியது. இனிப்புச் சாறு சீக்கிரம் திகட்டிவிடும். இது திகட்டுவதில்லை. இத்தனை காலம் நான் இதை விடாமல் இருப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

இந்தச் சாறு நன்றாக அமைகிறதா, இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் போகிறதா என்பதைத் தீர்மானிப்பது பூண்டுதான். அதன் அளவு மட்டுமல்ல, அதை எப்போது, எதோடு சேர்த்து நசுக்குகிறோம் என்பதும் முக்கியம்.

உரித்த முழுப் பல்லை முகர்ந்து பாருங்கள், பெரிதாக நெடி இருக்காது. பூண்டின் செல்லுக்குள் அல்லியின் என்ற பொருள் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. நறுக்கும்போதோ நசுக்கும்போதோ செல் உடைந்து இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளிலேயே அல்லிசின் உருவாகிவிடுகிறது. நாக்கைச் சுரீரென்று பிடிக்கும் காட்டமும் அந்த நெடியும் அதனால் வருபவை. எவ்வளவு நுணுக்கமாக உடைக்கிறோமோ அவ்வளவு காட்டம். மிக்ஸியும் ஜூசரும் செல்களை முழுவதுமாகக் கிழித்துவிடுவதால், கறியில் நான்கு பல் போட்டாலும் தெரியாத பூண்டு, சாற்றில் ஒரே பல்லில் மற்ற எல்லா ருசியையும் அமுக்கிவிடுகிறது.

இதைக் கட்டுக்குள் வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புளிப்பு. நல்ல புளிப்பில் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. அதனால் பூண்டை நசுக்கிவிட்டு எலுமிச்சை பிழிவதைவிட, எலுமிச்சைச் சாற்றுக்குள்ளேயே பூண்டைப் போட்டு நசுக்குவது நல்லது. நசுக்கியபின் பிழிந்தால் அதற்குள் அல்லிசின் உருவாகியிருக்கும், புளிப்பால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. நான் சின்ன உரலில் எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு, அதில் பூண்டை வைத்து இடிக்கிறேன். வாசனை இருக்கும், தொண்டையைப் பிடிக்காது. இன்னொன்று சூடு. உரிக்காத முழுப் பல்லைக் கொதிக்கும் நீரில் நான்கைந்து நிமிடம் போட்டு எடுத்தால் நொதி செயலிழந்துவிடும். அப்புறம் அதை எப்படி அரைத்தாலும் மெல்லிய, சற்று இனிப்பான பூண்டு ருசிதான் வரும். பச்சைப் பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் இதுவே சரியான வழி. பச்சைப் பூண்டின் குணம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதாது, ஏனென்றால் அல்லிசின் இதில் அநேகமாக உருவாவதே இல்லை.

அளவு என்று கேட்டால், 300 மில்லி டம்ளருக்குக் கால் பல்லில் ஆரம்பிக்கச் சொல்வேன். நடுத்தரப் பல் ஒன்று 3 முதல் 5 கிராம் இருக்கும், அதில் கால் பங்கு. பழகியவர்களுக்கு அரைப் பல் வரை போகலாம். அதற்கு மேல் போனால் தக்காளியும் வெள்ளரியும் எதற்கு என்று ஆகிவிடும். பல்லை நெடுக்காகப் பிளந்து, நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய பூண்டில் கசப்பும் காரலும் அங்கேதான் அதிகம்.

காய்களில் என் முதல் தேர்வு எப்போதும் தக்காளி. அதில் புளிப்பு இருக்கிறது, நாக்கில் நிறைவான ருசி தரும் குளுட்டமேட் என்ற பொருள் இருப்பதால் உப்புச் சுவைக்கு ஒரு கனமும் கிடைக்கிறது. பூண்டு இந்த இரண்டோடும் ஒட்டிப்போகும். 1933-இல் அமெரிக்காவில் உருவான வி8 என்ற எட்டுக் காய்ச் சாற்றிலும் கேரட், செலரி, பீட்ரூட், பார்ஸ்லி, லெட்யூஸ், வாட்டர்கிரெஸ், ஸ்பினாச் கீரை எல்லாம் இருந்தாலும் பெரும்பங்கு தக்காளிதான். வீட்டில் செய்து பார்த்தால் அதன் காரணம் புரியும். தக்காளி இல்லாமல் மற்ற ஏழையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும்.

நான் அதிகம் செய்வது இது: நன்கு பழுத்த தக்காளி மூன்று, பாதி வெள்ளரி, செலரி ஒரு தண்டு, சிறு துண்டு குடைமிளகாய், எலுமிச்சையில் இடித்த கால் பல் பூண்டு, மிளகுத்தூள், இரண்டு சிட்டிகை உப்பு. மேலே அரை ஸ்பூன் நல்ல எண்ணெய். எண்ணெய் ருசிக்கு மட்டுமல்ல. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் கொழுப்பில் கரைவது. கொஞ்சம் கொழுப்பு கூட இருந்தால்தான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். கேரட்டின் பீட்டா கரோட்டினுக்கும் இதே கதைதான். பழுக்காத தக்காளியில் இதைச் செய்யவே வேண்டாம். வெறும் புளிப்புத் தண்ணீரில் பூண்டு கலந்தது போல இருக்கும்.

கேரட் தனியாகவும் நன்றாக வரும். ஆனால் அதன் இனிப்போடு பூண்டு முதலில் சண்டை போடும். இஞ்சியும் தாராளமாக எலுமிச்சையும் சேர்ந்தால் சமாதானமாகிவிடும். பீட்ரூட் எனக்கு இன்றுவரை இந்த வகையில் பிடிக்கவில்லை. அதன் மண் வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். அதுவும் பூண்டும் சேர்ந்தால் இரண்டுமே கனத்துப்போகின்றன. சிறு துண்டு நிறத்துக்காகப் போடலாம், அவ்வளவுதான். பீட்ரூட் குடித்தபின் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை. முட்டைக்கோஸ் சாற்றை நான் விட்டுவிட்டேன். வயிறு உப்புசம் ஒரு பக்கம் இருக்க, கொஞ்ச நேரம் வைத்தாலே நாற்றம் தூக்கிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெள்ளரி, சுரைக்காய், சீமைச் சுரைக்காய் எதுவானாலும் சாறு போடும் முன் ஒரு சின்னத் துண்டைக் கடித்துப் பார்க்கவேண்டும். வழக்கத்துக்கு மீறிக் கசந்தால் முழுக் காயையும் தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருளால் வருவது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றில் இரத்தக்கசிவு வரை கொண்டுபோய்விடும். பூண்டும் எலுமிச்சையும் சேர்ந்த சாற்றில் அந்தக் கசப்பு மறைந்துவிடலாம். அதனாலேயே முன்கூட்டிக் கடித்துப் பார்ப்பதை இந்த வகைச் சாற்றில் தவிர்க்கவே கூடாது.

இனி இயந்திரம். வேகமாகச் சுழன்று பிழியும் சாதாரண ஜூசர், மெதுவாக நசுக்கிப் பிழியும் ஸ்லோ ஜூசர், மிக்ஸியில் அரைத்து வடிகட்டுவது என மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். வேக ஜூசரில் கேரட் நன்றாக வரும், கீரையும் புதினாவும் பாதிக்கு மேல் சக்கையோடு போய்விடும், நுரையும் அதிகம். ஸ்லோ ஜூசரில் சாறு அடர்த்தியாக, நுரை குறைவாக வரும், இலை வகைகளையும் நன்றாகப் பிழியும். ஆனால் காயை நறுக்கிப் பொறுமையாக ஊட்டவேண்டும், கழுவுவதற்கும் பாகங்கள் நிறைய. தக்காளிச் சாற்றுக்கு இந்த இரண்டையும்விட மிக்ஸியே மேல் என்பது என் முடிவு. அரைத்துவிட்டுப் பெரிய கண் வடிகட்டியில் ஊற்றினால் தோலும் விதையும் நிற்கும், சதை உள்ளே இறங்கும். அந்தச் சதைதான் சாற்றுக்கு உடம்பைத் தருகிறது, நார்ச்சத்தையும் ஓரளவு மிச்சம் வைக்கிறது. தெள்ளத் தெளிவாக வடிகட்டிய தக்காளிச் சாற்றில் எனக்கு எந்தச் சுகமும் இல்லை.

எந்த இயந்திரமாக இருந்தாலும் பூண்டை அதற்குள் போடாதீர்கள் என்பேன். நெடி பிளாஸ்டிக்கிலும், அதைவிட மோசமாக ரப்பர் வளையத்திலும் ஏறிக்கொள்ளும். அப்புறம் அதில் போடும் மாம்பழச் சாறும் பூண்டு மணக்கும். தனியாக இடித்துக் கடைசியில் கலந்துவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. போட்டே ஆகவேண்டும் என்றால் நடுவில் போட்டு, பின்னால் கேரட்டையோ வெள்ளரியையோ தள்ளுங்கள், ஒட்டியிருப்பதை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். ரப்பர் வளையத்தைச் சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டால் நெடி பெரும்பாலும் போய்விடும். பிளாஸ்டிக்கில் படியும் கேரட்டின் மஞ்சள் கறைக்கு சோப்பைவிட எண்ணெய் வேலை செய்யும். அந்த நிறம் எண்ணெயில் கரைவது என்பதால் முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடவேண்டும்.

சேமிப்பு பற்றி நிறையக் கேள்விகள் வரும். என் பதில் சுருக்கமானது: அன்றன்றைக்குப் போட்டு அன்றன்றைக்குக் குடிப்பது. முடியாவிட்டால் மூடிய கண்ணாடிப் புட்டியில், 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ குளிரும் ஃபிரிட்ஜில், மறுநாள் வரை. கேரட் சாற்றில் கூடுதல் கவனம் தேவை. அதில் புளிப்பு மிகக் குறைவு, பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடக் கூட இது குறையும்) 6-ஐ ஒட்டி இருக்கும். பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி பிஎச் 4.6-க்கு மேல் வளரக்கூடியது. 2006-இல் வட அமெரிக்காவில் சரியாகக் குளிரில் வைக்கப்படாத புட்டிக் கேரட் சாற்றால் சிலர் இந்த நோய்க்கு ஆளானார்கள். அதே கிருமி பூண்டு மூலமாகவும் வரலாம். நசுக்கிய பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைத்துவிட்டு, தினமும் ஒரு ஸ்பூன் எடுத்துக் கலக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஆபத்தானது. எண்ணெய்க்கு அடியில் காற்று படாது, அந்தக் கிருமிக்கு அதுவே வசதி. முன்கூட்டியே செய்து வைக்க வேண்டுமென்றால், எலுமிச்சையில் இடித்த பூண்டை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் அது பச்சையாகவோ நீலமாகவோ மாறியிருக்கும். பூண்டின் கந்தகப் பொருட்கள் புளிப்பில் அமினோ அமிலங்களோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது, கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

இன்னொரு விஷயம், சாறு நேரம் ஆக ஆகப் பூண்டு வாசம் கெட்டியாகிக்கொண்டே போகும். போட்ட உடன் இதமாக இருப்பது மறுநாள் முரட்டுத்தனமாக இருக்கும். எடுத்து வைப்பதற்கான சாற்றில் பூண்டு சேர்க்காமல், குடிக்கும்போது கலப்பதே ருசிக்கு நல்லது.

வாய் நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பல் துலக்கினால் பாதிதான் போகும். அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற பொருள் குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். பச்சை ஆப்பிள் துண்டு, புதினா இலை, லெட்யூஸ் ஆகியவற்றை மென்று தின்றால் நெடி கணிசமாகக் குறைகிறது. நான் புதினாவைச் சாற்றிலேயே சேர்த்துவிடுகிறேன், ருசியும் கூடுகிறது. ஆனாலும் முக்கியமான ஆட்களைப் பார்க்கப் போகும் நாளில் பச்சைப் பூண்டு வேண்டாம், வேகவைத்ததோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உடம்புக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: முன்பைவிட அதிகம் காய்கறி உள்ளே போகிறது, மாலையில் கண்டதைக் கொறிப்பது குறைந்திருக்கிறது. இதற்கு மேல் எதையும் இந்தச் சாற்றின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. பச்சைப் பூண்டு வெறும் வயிற்றில் பலருக்கு நெஞ்செரிச்சல் தரும். சாப்பாட்டுக்குச் சற்று முன்போ சாப்பாட்டோடோ குடிப்பது நல்லது. உப்பிலும் கை தாராளமாகப் போய்விடக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாள் முழுவதுக்குமே 5 கிராமுக்குக் கீழ்தான். எலுமிச்சையையும் மிளகையும் கூட்டினால் உப்பைப் பாதியாகக் குறைத்தாலும் தெரியாது.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் இதைத் தினப் பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடவேண்டும். பூண்டு இரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடியது. கீரைகளில் உள்ள வைட்டமின் கே, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேலைக்கு எதிராகப் போகும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஸ்பினாச் கீரையும் பீட்ரூட்டும் ஆக்சலேட் காரணமாக ஆகாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத் தக்காளிச் சாற்றின் பொட்டாசியமே அதிகமாகிவிடும்.

சக்கையை வீணாக்க மனம் வராதவர்களுக்கு ஒரு குறிப்பு. கேரட், தக்காளிச் சக்கையை அன்றே சூப்பிலோ மாவிலோ சேர்த்துவிடலாம், செலரி நாரைக் கொதிக்கவிட்டு வடித்த நீர் சூப்புக்கு நல்ல அடித்தளம். பூண்டு இடித்த உரலில் ஒட்டியிருப்பதை ஒரு ஸ்பூன் சூடான எண்ணெயில் வழித்துப் போட்டு அந்த சூப்பின் மேல் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் சாற்றைவிட அதற்குத்தான் போட்டி.