ஒரு டன்னா, ஒன்றரை டன்னா: டெல்டா வீட்டுக்கு எது சரி?

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ ஏசி கடைக்குள் போய் அறையின் நீள அகலத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "பத்துக்குப் பன்னெண்டா சார்? ஒன்றரையே போட்டுருங்க. ஒரு டன் மே மாசம் திணறும்." அறை தரைத்தளத்திலா மாடியிலா, மேற்கே பார்த்த சுவர் உண்டா, எத்தனை பேர் படுப்பீர்கள் என்றெல்லாம் விற்கிற தம்பி கேட்பதில்லை. விலை வித்தியாசம் சில ஆயிரம்தானே என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். நான் ஒரு டன்தான் வாங்கினேன். தஞ்சாவூரில் இருக்கிற மச்சான் ஏறக்குறைய அதே அளவு அறைக்கு ஒன்றரை டன் போட்டிருக்கிறார். இரண்டு அறையிலும் படுத்து எழுந்தவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேலே இன்னொரு தளம் இருக்கிற 120 சதுர அடி படுக்கையறைக்கு, டெல்டாவில், ஒரு டன் போதும். போதும் என்பதோடு நிற்கவில்லை, அதுதான் நல்லது.

ஒன்றரை டன்னுக்கு உள்ள நியாயத்தை மறைக்கத் தேவையில்லை. கத்திரி வெயிலில் மதியம் மூன்று மணிக்கு வெளியே 39, 40 டிகிரி அடிக்கும்போது வெந்து கிடக்கிற அறையைச் சட்டென்று குளிர வைக்க ஒன்றரை டன்னை அடிக்க ஆளில்லை. மச்சான் வீட்டில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் குளிர் தெரியும். எங்கள் வீட்டில் அதே குளிருக்கு அரை மணிக்கு மேல் பொறுக்க வேண்டும். மதியம் வீட்டில் இருந்து வேலை பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஏசி போடுவது இரவு பத்திலிருந்து காலை ஐந்தரை, ஆறு வரை. அதுவும் மே மாதத்தில் மட்டும் இல்லை. அறையை மே மாத மதியத்துக்கு அளந்துவிட்டு மீதி மாதங்களின் இரவுகளை அதில் கழிக்கிறோம். கோளாறு அங்கேதான்.

டெல்டாவின் இரவு எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரருக்குச் சொன்னால் புரியாது. தண்ணீர் இருக்கிற வருஷம் ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள். கல்லணை தாண்டி வாய்க்கால்களில் தண்ணீர் வந்ததும் குறுவைக்கு வயலில் நீர் கட்டிவிடுவார்கள். வீட்டைச் சுற்றிப் பல மைலுக்குத் தேங்கிய நீர். குறுவை முடிந்தால் சம்பா, தாளடி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் இரவு வெப்பம் 25, 27 டிகிரிதான் இருக்கும், ஆனால் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். உடம்பில் பிசுபிசுப்பு, தலையணையில் ஈரம், பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளி. இந்த நேரத்தில் ஏசி எடுக்க வேண்டிய சூடு கொஞ்சம். எடுக்க வேண்டிய ஈரம் நிறைய.

ஏசி ஈரத்தை எடுக்கிற விதம் எளிமையானது. உள்ளே இருக்கிற காயில் (குளிரும் குழாய்ச் சுருள்) போதுமான அளவு குளிர்ந்ததும் காற்றில் உள்ள நீராவி அதன்மேல் நீராகப் படிந்து சொட்டும். காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை ஏசி உறிஞ்ச வேண்டும். அதற்குக் கம்ப்ரசர் ஓட வேண்டும், தொடர்ந்து ஓட வேண்டும். ஒரு டன் என்றால் சுமார் 3,500 வாட் குளிர்த்திறன், ஒன்றரை என்றால் 5,200-ஐ ஒட்டி. 28 டிகிரி அறையை 25-க்கு இறக்க 5,200 வாட் மெஷினுக்குச் சில நிமிடம் போதும். சென்சாரில் 25 வந்துவிட்டது, கம்ப்ரசர் நின்றுவிட்டது. காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே முத்து முத்தாகத் தொங்குகிற நீர் கீழே வடிவதற்குள், நிற்காமல் சுற்றுகிற உள் ஃபேன் அதை உலர்த்தித் திரும்பவும் அறைக்குள்ளேயே ஊதிவிடும். டிஸ்ப்ளேயில் 25 இருக்கும், உடம்பில் கசகசப்பும் இருக்கும்.

மச்சான் சொன்னது இது: "மாப்ள, ஏசி என்னமோ நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா ராத்திரி ஈரத் துணியைப் போர்த்திக்கிட்டுப் படுத்த மாதிரி இருக்கு." அதனால் அவர் 20-க்கு இறக்குவார். விடியற்காலை குளிர் தாங்காமல் கம்பளியைத் தேடுவார். சென்ற மழைக்காலத்தில் அவர் வீட்டில் தங்கியபோது பின்பக்கம் போய் டிரெயின் குழாயைக் கவனித்தேன். கொஞ்ச நேரம் ஒழுகும், நின்றுவிடும், நெடுநேரம் கழித்து மறுபடி ஒழுகும். எங்கள் வீட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் குழாயை விட்டிருக்கிறேன். இரவு முழுக்க சொட்டுச் சத்தம் ஒரே சீராகக் கேட்கும். ஐப்பசியில் காலையில் பார்த்தால் பத்து லிட்டர் வாளி பாதிக்குக் குறையாமல் நிறைந்திருக்கும். (அந்தத் தண்ணீரை, கரண்ட் போனால் கைகொடுக்கிற வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரிக்கு ஊற்றலாம் என்பார்கள். ஊற்றாதீர்கள், காயில் தூசியும் உலோகமும் கலந்த நீர் அது. மல்லிகைச் செடிக்குப் போகட்டும்.)

இந்த இடத்தில் கடைக்காரர் குறுக்கிடுவார்: "இப்ப எல்லாம் இன்வெர்ட்டர் ஏசி சார், தேவைக்கு ஏத்த மாதிரி தானே குறைச்சுக்கும். கன்வெர்ட்டிபிள் வேற, எத்தனை சதவீதம் ஓடணும்னு நாமளே வெச்சுக்கலாம்." பாதி உண்மை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும், பழைய மாடல் அளவுக்கு அடிக்கடி நின்று நின்று எழாது. ஆனால் எவ்வளவு குறைந்தாலும் அதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு. பெரிய காயில், குறைந்த வேகம் என்றால் காயில் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்காது, நீர் படிவதும் குறையும். மச்சானுடையதும் இன்வெர்ட்டர்தான். ஏற்கெனவே ஒன்றரை டன் வாங்கிவிட்டவர்களுக்குக் கன்வெர்ட்டிபிள் வசதியில் 60 சதவீதம் போல வைத்து, உள் ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் நிலைமை தேறும். மழைக்காலத்தில், ஈரம் எடுப்பதற்கென்றே ரிமோட்டில் இருக்கிற டிரை மோடும் கைகொடுக்கும். அவருக்கு அப்படி வைத்துக் கொடுத்த பிறகு கம்பளி தேடுவது குறைந்தது. ஆனால் 60 சதவீதத்திலேயே ஓட்டுவதற்கு ஏன் 100 சதவீதத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்?

ஸ்டார் லேபிளும் இதில் உதவாது. குளிர்த்திறனைச் சோதிக்கும்போது அறைக்காற்றை 27 டிகிரி, ஈரக்குமிழ் (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 19 டிகிரி என்று வைக்கிறார்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே என்று அர்த்தம். ஆண்டுச் செலவு கணக்கிடுவது 1,600 மணி நேரத்துக்கு, இரவுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 200 நாள். அது நமக்கும் பொருந்துகிற கணக்குதான். ஆனால் ஐந்து நட்சத்திரம் எவ்வளவு ஈரம் எடுக்கும் என்பதைச் சொல்வதில்லை. லேபிளில் பார்க்க வேண்டியது வேறொன்று: வாட்டில் எழுதியிருக்கிற குளிர்த்திறன். ஒன்றரை டன் என்ற பெயரில் 4,700 வாட் மாடலும் உண்டு, 5,200 வாட் மாடலும் உண்டு.

கரண்ட் பில்லை வைத்து ஒரு டன்னுக்கு வாதாட மாட்டேன். இன்வெர்ட்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் பலர் நினைக்கிற அளவு இல்லை. பெரிய மெஷின் மெதுவாக ஓடும்போது சிக்கனமாகவும் ஓடலாம். 500 யூனிட் எல்லையை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டண மாற்றத்தின்படி, இரண்டு மாதக் கணக்கில் 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடுகிறது. காரைக்கால்காரர்களுக்குப் பட்டியலே வேறு. 20-இல் வைத்துப் படுக்கிற வீடுதான் இந்த எல்லையில் மாட்டும், எந்த டன்னாக இருந்தாலும்.

வயரிங் சங்கதியில் ஒரு டன் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. பழைய வீடுகளில் ஒரு டன்னுக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) கம்பியும் 16 ஆம்ப் எம்சிபியும் (மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் சுவிட்ச்) போதும் என்பார் எலக்ட்ரீசியன். ஒன்றரை டன் என்றால் மீட்டரிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் இழுக்கச் சொல்வார். கடைசிக் கம்பத்து வீடாக இருந்து, சுற்றிலும் பம்புசெட் ஓடுகிற நேரமாகவும் இருந்தால் வோல்டேஜ் தள்ளாடும். ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் கிராமத்தில் போட்டுவிடுங்கள்.

இனி, நான் ஒரு டன் வாங்காதே என்று சொல்லக்கூடிய இடங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை, அதிலும் மேற்குச் சுவர் வெயிலில் நிற்கும் அறை. கான்கிரீட் தளம் பகல் முழுக்க சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பதினொன்று வரை கீழே இறக்கும். கட்டிலில் ஏறி நின்று கூரையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். அங்கே 100 சதுர அடிக்கு மேல் என்றால் ஒன்றரைதான். ஆனால் அதற்கு முன் மாடித் தளத்துக்கு வெள்ளை கூல் பெயிண்டோ வெள்ளை ஓடோ போடுவதைப் பாருங்கள். அரை டன் கூட்டுவதற்குப் பதில் அரை டன் சூட்டைக் குறைப்பது மேல், ஏசி ஓடாத பகலிலும் அது பலன் தரும். நாலைந்து பேர் பாய் விரித்துப் படுக்கிற பெரிய அறைக்கும் ஒன்றரை. நாட்டு ஓட்டு வீடு, முற்றத்துப் பக்கம் திறந்த அறை என்றால் டன் கணக்கே பலிக்காது. முதலில் மச்சு அடைத்து, கதவிடுக்கை அடைக்க வேண்டும். வெளிக்காற்று நுழைகிற வழியெல்லாம் ஈரம் நுழைகிற வழி.

ஹாலுக்கு நான் ஏசி போட்டதில்லை. படுக்கையறை அனுபவத்தை வைத்து அதற்கு அளவு சொல்வது சரியாக இருக்காது.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் பக்கத்துக்காரர்கள் டன்னுக்குச் செலவழிக்க நினைக்கிற காசை அவுட்டோர் யூனிட்டுக்குத் திருப்புவது உத்தமம். உப்புக்காற்று, அதில் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரை அரிக்கும். செம்புக் காயிலாக, அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் அவுட்டோரைக் கழுவச் சொல்வார் மெக்கானிக், செய்யுங்கள். ஸ்டாண்டை மாடிச் சுவரில் வெறும் பிளக் ஸ்குரூவில் தொங்கவிடாமல் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.