ஏப்ரல் பனியை அளக்க எது கைகொடுக்கும்? 4 அங்குல மழைமானியும் வெள்ளைப் பலகையும்

பாஸ்டனில் 2014–15 பருவத்தில் மொத்தம் 110.6 அங்குலப் பனி பெய்தது. அதற்கு முந்தைய சாதனை 1995–96-இல் பதிவான 107.6. அது முறிந்த நாள் மார்ச் 15. மினசோட்டாவின் டுலூத்தில் 2022–23 பருவம் 140.1 அங்குலத்தில் முடிந்தது, 135.4 என்ற பழைய கணக்கைத் தாண்டியது ஏப்ரலில்தான். மாதக்கணக்கில் பெய்த பனிக்கு நடுவே ஓரிடத்தில் 3 அங்குல வித்தியாசம், இன்னோரிடத்தில் 4.7. பருவத்தின் வாலில், வசந்தம் பிறந்த பிறகு விழும் கனத்த ஈரப்பனிதான் பல ஊர்களில் சாதனையைத் தீர்மானிக்கிறது. அளப்பதற்கு ஆகக் கடினமான பனியும் அதுதான்.

அதனால் இங்கே பார்க்கப்போகும் இரண்டையும், அதாவது பனியின் நீரளவைக் காட்டும் மானியையும், விழுந்த பனியின் உயரத்தை அளக்க வெளியே போட்டுவைக்கும் பலகையையும், ஜனவரிப் பனியை வைத்து அல்ல, மார்ச், ஏப்ரல் பனியை வைத்தே எடைபோட வேண்டும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: 4 அங்குல பிளாஸ்டிக் மழைமானி தாராளமாக வாங்கத் தகுந்தது. ஆனால் அதை மட்டும் வாங்கிவிட்டு, பலகை செய்துகொள்ளாமல் பருவக் கணக்கு எழுதினால், அந்தக் கணக்கில் பாதி ஊகமாகத்தான் இருக்கும்.

இந்த மானியைப் பரவலாக்கியது கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்பு. 1997 ஜூலை 28 அன்று கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் திடீர் வெள்ளம் வந்தது. ஒரே ஊருக்குள் மழை இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பது அன்று தெரிந்தது. அடுத்த ஆண்டே கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து வலையமைப்பு தொடங்கியது. இன்று அமெரிக்கா முழுவதும், கனடாவிலும் இதே அளவு மானியை வைத்துத்தான் தினமும் காலையில் பதிவு செய்கிறார்கள்.

மானியில் மூன்று பாகங்கள்: 4 அங்குல விட்டமுள்ள வெளி உருளை, மேலே புனல், உள்ளே ஒல்லியான அளவுக்குழாய். உள்குழாயின் வாய்ப்பரப்பு வெளி உருளையின் பரப்பில் பத்தில் ஒன்று. அதனால் 1 அங்குல மழை குழாயில் 10 அங்குல உயரத்துக்கு நிற்கும், 0.01 அங்குலத்தைக் கண்ணால் படிக்க முடிவது இந்த எளிய கணக்கால்தான். 1 அங்குலத்துக்கு மேல் பெய்தால் வழிந்து வெளி உருளையில் சேரும். மொத்தக் கொள்ளளவு 11 அங்குலம். பேட்டரி, சென்சார் எதுவும் இல்லை.

உறைபனிக் காலம் தொடங்கியதுமே புனலையும் உள்குழாயையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். புனலின் குறுகிய கழுத்தில் பனி பாலம் கட்டி நின்றுவிடும், அதற்குமேல் விழுவது காற்றில் பறந்துபோகும். உள்குழாய்க்கு வரும் ஆபத்து வேறு. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். ஒல்லிக்குழாய் அதைத் தாங்காது, நீளவாக்கில் விரிசல் விடும். நடுக்குளிரில் மட்டுமல்ல, வசந்தத்திலும் குழாய் உடையும். பகலில் மழை பெய்கிறதே என்று குழாயை மாட்டுகிறோம், இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வெறும் வெளி உருளையே மழையையும் பிடிக்கும், பனியையும் பிடிக்கும். காலையில் உள்ளே எடுத்துவந்து குழாயில் ஊற்றி அளந்தால் போதும். ஆகவே இரவு உறைபனி முற்றிலும் நின்ற பிறகே குழாய் வெளியே போகட்டும்.

பிடித்த பனியின் நீரளவைக் காண்பது இப்படி. வெதுவெதுப்பான நீரை உள்குழாயில் துல்லியமாக 0.50 வரை நிரப்பி உருளைக்குள் ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், குளிர்ந்த பிளாஸ்டிக் அதில் விரிசல் விடும். பனி முழுக்கக் கரைந்ததும் புனல் வழியாகக் குழாயில் ஊற்றிப் படியுங்கள். 0.92 என்று வந்தால், 0.50 கழித்து, விழுந்த பனியின் நீர் 0.42 அங்குலம். ஊற்றிய அளவைக் கழிக்க மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ஊற்றும் முன்பே அதைத் தாளில் எழுதிவைத்தால் இந்தப் பிழை வராது.

அதே இரவில் பலகையில் 3.1 அங்குலப் பனி இருந்திருந்தால், விகிதம் ஏறத்தாழ 7.4-க்கு 1. பத்து அங்குலப் பனிக்கு ஒரு அங்குல நீர் என்ற வாய்ப்பாட்டை நம்பி நீரளவிலிருந்து பனியளவைக் கணித்திருந்தால் 4.2 என்று எழுதியிருப்போம். ஒரே இரவில் ஒரு அங்குலத்துக்கு மேல் பொய்! வசந்தத்தின் ஈரப்பனியில் இந்த விகிதம் 5-க்கு 1 வரைகூட இறங்கும். பலகை ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

பலகை கடையில் வாங்க வேண்டிய பொருளே அல்ல. 24 அங்குலச் சதுரத்தில் அரை அங்குல ப்ளைவுட், மேலும் கீழும் ஓரங்களிலும் இரண்டு கோட் வெள்ளை பெயிண்ட், பனிக்குள் புதைந்தால் கண்டுபிடிக்க மூலைக்கருகில் ஒரு கொடிக்கம்பு, அவ்வளவுதான். ஓரங்களுக்கு பெயிண்ட் அடிக்காமல் விட்டால் நீர் ஏறி, ஒரே பருவத்தில் பலகை வளைந்துவிடும்; வளைந்த பலகையின் நடுவில் கரைந்த நீர் தேங்கிப் பனியைக் கீழிருந்தே தின்னும். வெள்ளை நிறம் அழகுக்கு அல்ல. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் ஏறும் உயரம் செப்டம்பர் இரண்டாம் வாரத்து உயரத்துக்குச் சமம். மேகம் மூடியிருந்தாலும் அந்த வெளிச்சம் கசிந்து வரும், கருநிறப் பரப்பில் விழுந்த பனி நிற்காது.

அளவுகோலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண ஸ்கேலில் அங்குலம் பதினாறாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; பனிக்குத் தேவை பத்தாகப் பிரித்த ஸ்கேல். 2 அங்குலமும் அதற்குமேல் ஆறு கோடும் என்றால் அது 2.6 அல்ல, 2.4. இன்னொன்று: பல பள்ளிக்கூட ஸ்கேல்களில் பூஜ்யக்கோடு முனையிலேயே இருக்காது, சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். அப்படியே பனிக்குள் செருகினால் ஒவ்வொரு முறையும் 0.1, 0.2 அங்குலம் குறையும். ஒரு பருவத்தில் நாற்பது முறை அளக்கும்போது இது சிறு பிழையாக இருக்காது. முனையைப் பூஜ்யக்கோடு வரை அரம் வைத்துத் தேய்த்துவிடுங்கள்.

அடுத்தது எப்போது அளப்பது என்பது. எழுத வேண்டியது, கரைவதற்கும் அமுங்குவதற்கும் முன் புதுப்பனி எட்டிய அதிகபட்ச உயரத்தை. விடியலில் 2 அங்குலம் விழுந்து, பத்து மணி வெயிலில் கரைந்து, நண்பகலில் போய்ப் பார்த்தால் பலகை ஈரமாக மட்டும் இருக்கும். பனி நின்ற உடனே போய் அளந்தால்தான் உண்டு. ஒரே நாளில் மூன்று முறை விட்டுவிட்டு ஒரு அங்குலம் விழுந்து, இடையிடையே முழுக்கக் கரைந்திருந்தால், அன்றைய பனிப்பொழிவு 3.0. தரையில் எதுவும் மிச்சமில்லாவிட்டாலும் கணக்கு அதுதான். விழுந்ததும் விழுந்தபடியே கரைந்தால் பூஜ்யம் எழுதக்கூடாது, சொற்பம் என்பதற்கான 'டி' குறியீட்டைப் போட வேண்டும்.

ஆனால் அடிக்கடி அளந்து, அளந்த பனியைப் பலகையிலிருந்து அடிக்கடி துடைப்பதும் தப்பு. பனி தன் எடையாலேயே அமுங்கும். மணிக்கொருமுறை துடைத்தால் அந்த அமுக்கம் நடக்காமல் கூட்டுத்தொகை ஊதிப்போகும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பலகையைத் துடைக்கக்கூடாது என்பது அமெரிக்க வானிலைச் சேவையின் விதி. 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மான்டேகில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் என்று பதிவானது. ஆராய்ந்த குழு அதை நாட்டின் சாதனையாக ஏற்கவில்லை. அந்தக் காலத்துக்குள் ஆறு முறை அளந்து கூட்டியிருந்தார்கள், நான்குக்கு மேல் கூடாது. அதனால் 75.8 அங்குலம் என்ற சாதனை கொலராடோவின் சில்வர் லேக்கிடமே தங்கியது. அது பதிவான தேதி 1921 ஏப்ரல் 14–15, நல்ல வசந்தத்தில்.

மானியின் குறைகளுக்கு வருவோம். காற்றடித்தால் இது பனியைக் குறைவாகத்தான் பிடிக்கும். அப்போது உருளையைத் தலைகீழாகப் பலகைப் பனியில் அழுத்தி, அடியில் அகலமான தோசைத்திருப்பியைச் செருகி, அப்படியே நிமிர்த்தி எடுத்து, அந்தப் பனியைக் கரைத்து அளப்பதே சரி. மழையும் பனியும் கலந்து விழுந்த நாளில் நிலைமை தலைகீழ். மழைநீர் பலகையிலிருந்து வழிந்து ஓடியிருக்கும், அங்கே வெட்டி எடுத்தது குறைத்துக் காட்டும், அன்று மானி பிடித்ததைத்தான் நம்ப வேண்டும். ஈரப்பனி உருளையின் விளிம்பில் தொப்பிபோல் குவிந்தும் நிற்கும். விளிம்பையொட்டி நேர்செங்குத்தாக வெட்டி, உள்பக்கம் இருப்பதை உள்ளே தள்ளி, வெளிப்பக்கம் தொங்குவதைக் கீழே தட்டிவிடுங்கள்.

வேறு சில வடிவங்களும் மார்ச், ஏப்ரலில் குழப்பும். பனிக்குருணையைப் பனிக்கணக்கில் சேர்க்கலாம். பட்ட இடத்திலேயே உறையும் உறைமழை படிந்த கண்ணாடிப் பூச்சையும் ஆலங்கட்டியையும் சேர்க்கக்கூடாது, அவற்றின் நீர் மட்டும் மழைக்கணக்கில் போகும்.

இதற்குப் பதிலாகச் சாய்வாளி (நீர் நிறைந்ததும் சாய்ந்து, அதை எண்ணி மழையைக் கணக்கிடும் சிறு வாளி) வைத்த மின்னணு வானிலை நிலையம் போதாதா என்றால், சூடேற்றும் வசதி இல்லாதது பனிக்கு உதவவே உதவாது. புனலில் பனி அடைத்துக்கொள்ளும், மறுநாள் வெயிலில் உருகும், மேகமே இல்லாத நண்பகலில் 'மழை' பதிவாகும். ஒலியலையால் பனி உயரம் பார்க்கும் சென்சார் நல்லது, ஆனால் அது காட்டுவது தரையில் கிடக்கும் ஆழத்தை. விழுந்தது எவ்வளவு என்பது வேறு கணக்கு.

பருவக்கணக்கு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை ஓடும், மே மாதத்துப் பனியும் அதே பருவத்தைத்தான் சேரும். அதனால் மார்ச் வெயிலைக் கண்டதும் பலகையை எடுத்து உள்ளே வைக்காதீர்கள். பனி இல்லாத நாளிலும் 0.0 என்று பதியுங்கள். காலியாக விட்ட நாள் பூஜ்யமா, அளக்காமல் விட்டதா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது.