சயாவின் கூடத்தில் ஞாயிறு வகுப்பு

யாங்கோன் அனோரதா சாலைக் காளியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் இந்தப் பயிற்சிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது; அக்கம்பக்கத்தார் அதைச் சயாவின் கூடம் என்றே சொல்கிறார்கள். சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். வார நாள்களில் அங்கே பர்மியரின் மரபான சண்டைக்கலையான லெத்வே மட்டும் கற்றுத்தருகிறார்கள். ஞாயிறு காலையில் கராத்தே, ஜூடோ, தாய்லாந்தின் முவாய் தாய், குத்துச்சண்டை என்று எதைப் பயின்றவரும் வந்து லெத்வே மாணவர்களோடு பயிற்சிச் சண்டையிடலாம். என் அக்கா மகன் பத்து மாதமாக அங்கே போகிறான். இளமையில் எட்டாண்டுகள் கராத்தே பயின்ற நான், அவனோடு போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான்கு முறை களத்திலும் இறங்கியிருக்கிறேன்.

இதற்கு முன் அவனை வேறொரு கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே "எதுவும் செய்யலாம்" என்று சொல்லி இருவரைக் களத்தில் விட்டுவிடுவார்கள். ஒரு நாள் ஜூடோ பயின்ற இளைஞன் ஒருவனை மேல்சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, கையுறை மாட்டிய குத்துச்சண்டைக்காரனோடு மோதவிட்டார்கள். காலரையும் சட்டைக்கையையும் பிடித்து எறியப் பழகியவனுக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. அவன் அடிபட்டு விழுந்தபோது, ஜூடோ தோற்றுவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்று தோற்றது ஜூடோ அன்று. சட்டையைக் கழற்றச் சொன்ன கணத்திலேயே அந்தச் சண்டை முடிவாகிவிட்டது. எல்லாம் அனுமதி என்பதும் ஒரு விதிதான், அதுவும் யாரோ ஒருவருக்குச் சாதகமான விதி என்பதை அந்தக் கூடத்தார் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

சயா செய்வது வேறு. சண்டைக்கு முன் இருவரையும் பாயில் எதிரெதிரே உட்காரவைத்து, நீ எதைக் கொண்டு அடிப்பாய், எதற்கு உன் உடம்பு பழகவில்லை, எப்போது நிறுத்த வேண்டும் என்று மூன்று கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். பிறகு இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று: முதல் சுற்று ஒருவருடைய விதியில், இரண்டாவது மற்றவருடைய விதியில், மூன்றாவது இருவரும் ஒப்புக்கொண்ட பொது விதியில். யார் விதி முதலில் என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்கிறார்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 2022 மார்ச்சில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற சண்டைப் போட்டித் தொடரில் கலப்புச் சண்டை வீரர் டெமிட்ரியஸ் ஜான்சனும் முவாய் தாய் வீரர் ரொட்டாங்கும், முவாய் தாய்ச் சுற்றும், அடியும் மல்லுக்கட்டும் கலந்த கலப்புச் சண்டைச் சுற்றும் மாறிமாறி வரும்படி மோதியதைப் பார்த்தவர்களுக்கு வரிசையின் கனம் தெரியும். முதல் சுற்று முவாய் தாய் விதியில் நடந்தது, ரொட்டாங் ஓங்கி நின்றார். இரண்டாவது சுற்றில் தரையில் மல்லுக்கட்டலாம் என்றானதும் ஜான்சன் பின்னாலிருந்து கழுத்தை இறுக்கி வென்றுவிட்டார். அதே இருவர், அதே இரவு. மாறியது விதி மட்டுமே.

விதியைப் பேசித் தீர்த்துவிட்டாலே போதும் என்று நான் சொல்லமாட்டேன். 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் முகம்மது அலியும் மல்லர் இனோக்கியும் மோதியபோதும் விதிகளைப் பேசித்தான் தீர்த்தார்கள். இனோக்கியின் கலையில் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டதால், அவர் பதினைந்து சுற்றுகளில் பெரும்பாலான நேரம் மல்லாந்து கிடந்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார், ஆட்டம் சமனில் முடிந்தது. மாறாக 1993 நவம்பரில் டென்வரில் நடந்த, வெவ்வேறு கலைக்காரர்கள் மோதிய முதல் யு.எப்.சி. போட்டியில் நேர வரம்பும் எடைப் பிரிவும் இல்லை; சுமார் 80 கிலோ எடையுள்ள, தரைமல்லில் தேர்ந்த ராய்ஸ் கிரேசி தம்மைவிடப் பெரியவர்களையும் தரையில் சாய்த்துப் பணியவைத்தார். அந்த வெற்றியை மதிக்கிறேன். ஆனாலும் நேர வரம்பில்லாத களம் தரையில் பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவருக்கே ஏற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். முதல் ஞாயிறு, பொது விதிச் சுற்றில், எனக்குப் பாதி வயதுள்ள லெத்வே மாணவன் ஒருவனின் நெஞ்சில் சுத்தமாக ஒரு குத்து விட்டேன். விட்டதும் என் உடம்பு தானாகவே பின்வாங்கி நின்றது. கராத்தேப் போட்டியில் அந்த இடத்தில் நடுவர் நிறுத்திப் புள்ளி கொடுப்பார். அவன் நிற்காமல் உள்ளே வந்து முழங்காலால் என் விலாவில் இடித்தான். அவன் செய்ததில் தவறே இல்லை. என் தாத்தா கற்றுத்தந்த சிலம்பத்திலும் கம்பு உடம்பில் பட்டதா என்றுதான் கணக்குப் பார்ப்போம். அவனுடைய கலையிலோ பட்டதற்குக் கணக்கே இல்லை. மரபான லெத்வேயில் ஐந்து சுற்று முடிவில் இருவரும் நின்றுகொண்டிருந்தால் யார் எத்தனை அடித்திருந்தாலும் சமன்தான். மயங்கி விழுந்தவர்கூட ஒரு முறை இரண்டு நிமிட ஓய்வு கேட்டு மீண்டும் எழுந்து வரலாம். புள்ளிக்காக அடிப்பவனும் வீழ்த்துவதற்காக அடிப்பவனும் ஒரே களத்தில் நின்றாலும் அவர்கள் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

இங்கேதான் இந்த வகுப்பில் எனக்குள்ள பெரிய குறை. முவாய் தாயை எட்டு உறுப்புகளின் கலை என்பார்கள். லெத்வேயில் தலையும் ஆயுதம் என்பதால் அது ஒன்பது. கையுறை இல்லாமல் மெல்லிய துணியும் பட்டையும் மட்டும் கையில் சுற்றிச் சண்டையிடுவது அதன் வழக்கம். ஞாயிறு வகுப்பிலோ எல்லாச் சுற்றிலும் கையுறை கட்டாயம், தலைமுட்டுக்குத் தடை. லெத்வே விதி என்று சொல்லப்படும் சுற்றிலும் அப்படித்தான். பாதுகாப்புக்காகச் செய்கிறார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தலைமுட்டு என்பது ஒரு அடி மட்டும் அன்று. இருவரும் கழுத்தைக் கட்டிப்பிடித்து நெருங்கும்போது நெற்றியை எங்கே வைப்பது, முகவாயை எப்படி மறைப்பது என்பதெல்லாம் அந்த அச்சத்திலிருந்து பிறந்தவை. அதை எடுத்துவிட்டால் முவாய் தாய்க்காரர் தமக்குப் பழகிய பிடிக்குள் நிம்மதியாக வந்துவிடுகிறார். ஆக, தன் சொந்த ஊரில், தன் சொந்தக் கூடத்தில், பர்மியப் பையன் மட்டும் ஒரு ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வருகிறான். சயாவிடம் இதைச் சொன்னேன். 1952 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை ஆடித் திரும்பிய சா பா ஞேன் லெத்வேக்கு இக்கால விதிகளை வகுத்தபோதும் கலை மாறித்தான் போயிற்று என்றார். சரியான பேச்சுதான், ஆனால் அந்த மாற்றம் லெத்வேக்காரர்களுக்குள் நடந்தது, இது விருந்தினருக்காக நடப்பது.

மற்றபடி கூடம் சுத்தமானது. பாய்களைத் தினமும் துடைக்கிறார்கள், ஆனால் மின்சாரம் நின்றுவிட்டால் வெக்கை தாங்க முடியாது. மாதக் கட்டணம் என் கைபேசிச் செலவைவிடச் சற்றே அதிகம். எடை பார்க்கும் கருவி இல்லாதது மன்னிக்க முடியாதது: கண்ணால் பார்த்து ஜோடி சேர்க்கிறார்கள், ஒரு முறை என் அக்கா மகன் தன்னைவிடக் கணிசமாகக் கனமானவனோடு நின்றான், மூன்று சுற்றும் மாறிமாறி வந்த விதிகள் அவனுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. முதலுதவிப் பெட்டி இருக்கிறது, பயிற்சி பெற்றவர் இல்லை.

சேர நினைப்பவர்கள் குறைந்தது ஒரு மாதம் வார நாள் லெத்வே வகுப்பில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறுக்கு வாருங்கள். அடுத்தவரின் விதி உடம்பில் கொஞ்சமாவது ஊறாமல் அந்த இரண்டாவது சுற்றில் நிற்பது வீண். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களை அனுப்பவேண்டாம் என்பது என் கருத்து. எடைக் கருவி வாங்குவதாகச் சயா ஒப்புக்கொண்டிருக்கிறார். லெத்வே சுற்றில் மட்டும், தலைக்கவசத்தோடு, தலைமுட்டை மெதுவாகத் தொட்டுக்காட்டும் அளவிலாவது அனுமதிக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். மாணவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.