காந்தம் வைத்த 3×3 கியூப்: முதல் கியூப்பாக வாங்கலாமா?

கோலாலம்பூரில் பிள்ளைக்கு முதல் ரூபிக் கியூப் தேடுகிறவர்கள் மலிவான ஸ்டிக்கர் கியூப்பை விட்டுவிட்டு, 30 வெள்ளி வாக்கில் கிடைக்கும் காந்தக் கியூப்பை வாங்குங்கள். 12 விளிம்புத் துண்டுகளில் இரண்டிரண்டு, 8 மூலைத் துண்டுகளில் மும்மூன்று என 48 காந்தங்கள். தட்டு திரும்பியதும் 'டக்'கென்று நேராக நிற்கும். மலிவுக் கியூப்பில் தட்டு சற்றுக் கோணலாக நின்றாலே அடுத்த திருப்பம் சிக்கிக்கொள்ளும். பிள்ளைக்கு எண்ணிக்கை தவறிவிடும், ஆர்வமும் அதோடு போய்விடும்.

பெட்டிக்குள் சூத்திரத் தாள் இருந்தால் முதலில் எடுத்து ஒளித்துவையுங்கள். நான்கு திருப்பம் போதும்: வலத் தட்டு மேலே, மேல் தட்டின் முன்வரிசை இடப்பக்கம், வலத் தட்டு கீழே, முன்வரிசை வலப்பக்கம். சேர்ந்திருக்கும் கியூப்பில் இதை 6 முறை செய்தால், கலைந்ததெல்லாம் தானாகக் கூடிவிடும். பிள்ளை இதைக் கையால் செய்து பார்க்கட்டும்.

பிறகு அடித்தட்டை வெள்ளையாக்கும் வேலை. சேரவேண்டிய மூலையை முன்-வலது இடத்துக்கு நேர் மேலே நிறுத்துங்கள். வெள்ளை வலப்புறம் பார்த்தால் அதே நான்கு திருப்பம் 1 முறை, மேலே பார்த்தால் 3 முறை, முன்னால் பார்த்தால் 5 முறை. ஐந்து முறை என்றால் 20 திருப்பம். ஆறில் பழைய நிலை வருவதைக் கண்ட பிள்ளை, ஐந்து முறை முன்னே போவதும் ஒரு முறை பின்னே வருவதும் ஒன்றுதான் என்று ஒரு நாள் பிடித்துவிடும்: முன்வரிசை இடப்பக்கம், வலத் தட்டு மேலே, முன்வரிசை வலப்பக்கம், வலத் தட்டு கீழே. நான்கே திருப்பத்தில் மூலை உட்கார்ந்துவிடும். தயவுசெய்து இந்தக் குறுக்குவழியை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். தானே கண்டதை விரல் மறக்காது.

நடுத்துண்டின் மூடியைக் கழற்றினால் திருகும் ஸ்பிரிங்கும் தெரியும். இறுக்கமாக இருந்தால் ஆறு திருகையும் கால் சுற்று சமமாகத் தளர்த்துங்கள். அதிகம் தளர்த்தினால் மூலை நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொள்ளும். கடைசியில் ஒரே ஒரு மூலை மட்டும் தப்பாக நின்றால் காரணம் இதுதான். எந்தச் சூத்திரமும் அதைச் சரிசெய்யாது, கட்டைவிரலால் முறுக்கித் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசு ஒட்டிப் பிசுபிசுக்கும். சிலிகான் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கழற்றிய துண்டுகளைக் கண்டபடி மாட்டினால் சேர்க்கக்கூடிய நிலை அமைய 12-இல் 1 வாய்ப்புதான். எனவே நிறம் பார்த்து, சேர்ந்த நிலையிலேயே மாட்டுங்கள்.