ஊதுலைக்கு எந்த நிலக்கரி: ஜாரியாவா, குயின்ஸ்லாந்தா?

இரும்பு உருக்கும் ஊதுலைக்குக் கோக் வேண்டும்; நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டெடுக்கும் கெட்டிக் கரி அது. அதைச் சுடும் எங்கள் கோக் அடுப்புகளின் நிலக்கரிக் கலவையை மாற்ற வேண்டி வந்தபோது எங்கள் முன் இருந்தவை இரண்டு: தன்பாத்தில் இயங்கும் பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தின் ஜாரியா நிலக்கரி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பி.எச்.பி.யும் மிட்சுபிஷியும் சேர்ந்து நடத்தும் சுரங்கங்களின் சரக்கு. கலவையில் பெரும்பங்கைக் குயின்ஸ்லாந்துக்குக் கொடுத்தோம். ஜாரியாவுக்குச் சிறு பங்கு.

ஒன்று ரயிலில் வரும், ரூபாயில் முடியும். மற்றது கப்பலில் வரும், டாலர் கேட்கும். இது தெரிந்த கதைதான்.

முடிவு செய்தது சாம்பல். காற்றுப்படாமல் சுடும்போது ஆவியாகக்கூடியது போய்விடும். சாம்பல் அப்படியே கோக்கில் தங்கிவிடும். ஒரு டன் நிலக்கரிக்குக் கோக் முக்கால் டன்தான் என்பதால் அதன் விகிதம் இன்னும் ஏறும். குயின்ஸ்லாந்துக் கரியில் சாம்பல் 10 சதவீதம் என்று வைத்தால் கோக்கில் 13. கழுவிய ஜாரியாவை 18 என்று வைத்தால் கோக்கில் 24. ஒரு டன் இரும்புக்கு 400 கிலோ கோக் தின்னும் உலையில் முதலாவது 52 கிலோ சாம்பலை இறக்கும், இரண்டாவது 96 கிலோ. அந்தக் கூடுதல் 44 கிலோவைக் கசடாக்க, அதாவது இரும்பிலிருந்து பிரியும் உருகிய கழிவாக்க, சுண்ணாம்புக்கல் வேண்டும். கசடை உருக்க வெப்பம் வேண்டும். வெப்பத்துக்கு மறுபடியும் கோக் வேண்டும். உலைக்குள் இரும்புக்குரிய இடத்தையும் கசடே பிடித்துக்கொள்ளும். கொள்முதல் கணக்கில் மிச்சமானது உலைக் கணக்கில் போய்விடும். கழுவித் தீர்த்துவிடலாமே என்றால், ஜாரியாவில் களிமண் கரியோடு பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கிறது. கழுவக் கழுவ நல்ல கரியும் சேர்ந்தே போகும்.

அப்புறம் கோக்கின் வலு. 1,100 டிகிரியில் 2 மணி நேரம் கார்பன் டை ஆக்சைடில் வைத்து, உருளையில் 600 சுற்று சுற்றி, 10 மில்லிமீட்டருக்கு மேல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். பெரிய உலைக்கு 65 சதவீதம் தாண்டினால் நிம்மதி. நல்ல குயின்ஸ்லாந்துக் கரி அதைத் தரும்.

சரி, அப்படியானால் ஜாரியா எதற்கு? 2017 மார்ச்சில் டெபி புயல் குயின்ஸ்லாந்தின் ரயில் பாதைகளை அறுத்தபோது உலகச் சந்தையில் கோக்கிங் நிலக்கரியின், அதாவது கோக் செய்ய ஏற்ற கரியின், விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. 2022 மார்ச்சில் டன் 600 டாலரையும் தாண்டியது. அந்த நாட்களில் கையில் ஓர் உள்நாட்டுச் சரக்கு இருப்பது பெரிய பலம். முதல் தர கோக்கிங் நிலக்கரிக்கு இந்தியாவில் ஜாரியாவை விட்டால் வேறு இடமும் இல்லை. 1916 முதல் பூமிக்கடியில் எரியும் தீ அதையும் அரித்துக்கொண்டிருக்கிறது, மேலே குடியிருக்கும் மக்களின் வாழ்வையும் சேர்த்து. அதை அணைக்காமல் இத்தனை காலம் விட்டது பெருங்கொடுமை.

நிலக்கரியை இடித்துக் கெட்டிக் கட்டியாக்கி அடுப்பில் தள்ளும் ஆலைகள் ஜாரியா பங்கைக் கூட்டிப் பார்க்கலாம். எங்களுடையது மேலிருந்து கொட்டும் அடுப்பு; எவ்வளவு கூட்டலாம் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. ஆனால் இடிப்பதால் வலுதான் கூடும், சாம்பல் குறையாது. கூட்டும் முன் மேலே போட்ட கணக்கைத் தங்கள் உலையின் கோக் அளவை வைத்து ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும்.